கோட்டைக் கதவும் கல்லான மரமும்: நட்பைப் பற்றி வாலிகண்டபுரம் தரும் பாடம்



சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரை அடைவதற்குச் சற்று முன்பாக வாலிகண்டபுரம் வருகிறது. வாலீஸ்வரர் கோயிலும் பள்ளிவாசலும் உள்ள பழைய ஊர் அது. அதற்கு வடக்கே சில கல் தொலைவில் ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. ஆங்கிலேயர் தம் போர்க் குறிப்புகளில் இவ்விடத்தை ‘வால்கொண்டா’ என்று எழுதி வைத்தார்கள். 1751, 1752 ஆகிய இரண்டே ஆண்டுகளில் இக்கோட்டையின் வாசலில் நடந்தவை, யாரை நண்பராகக் கொள்வது என்ற கேள்விக்கு நம் மண்ணிலேயே எழுதப்பட்ட விடையாகும்.

அந்நாளில் ஆற்காட்டு நவாபு பதவிக்கு இருவர் போட்டியிட்டனர். ஒருவர், 1749ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட்ட நவாபு அன்வருத்தீன் கானின் மகன் முஹம்மது அலி. மற்றவர், முந்தைய நவாபு தோஸ்த் அலி கானின் மருமகன் சந்தா சாஹிப். இருவரும் முஸ்லிம்கள், இருவரும் இந்த மண்ணை ஆண்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தமக்குள் பேசித் தீர்த்திருக்க வேண்டிய வழக்கை, கடல் கடந்து வணிகத்துக்கு வந்த இரு கம்பெனிகளின் கையில் அவர்கள் கொடுத்தார்கள். சந்தா சாஹிப் பிரெஞ்சுக்காரர்களின் துணையை நாடினார். முஹம்மது அலி ஆங்கிலேயர்களின் துணையை நாடினார்.

1751ஆம் ஆண்டின் நடுவில் இரு தரப்புப் படைகளும் வாலிகண்டபுரம் அருகே எதிரெதிராக முகாமிட்டன. பெருவழியைக் காக்கும் கோட்டை அது; அதை வைத்திருப்பவரே வழியை வைத்திருப்பவர். ஆகவே இரு தரப்பினரும் கோட்டைத் தலைவருக்குத் தூது அனுப்பினர். அவரோ இருவருக்கும் இனிமையாகப் பதில் சொன்னார். ஒருவருக்கும் உறுதி சொல்லவில்லை. யார் வெல்கிறாரோ அவர் பக்கம் சேர்ந்துகொள்ளலாம் என்பதே அவருடைய எண்ணம். நாட்கள் கடந்தன. பொறுமையிழந்த ஆங்கிலேயர் கோட்டையை அடுத்திருந்த பேட்டையைத் தாக்கித் தீயிட்டனர். உடனே கோட்டைத் தலைவர் சந்தா சாஹிபின் பக்கம் சாய்ந்து, பிரெஞ்சுப் படையினருக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

தொடர்ந்து நடந்த மோதலில் ஆங்கிலேயப் படை அச்சம் கொண்டு பின்வாங்கியது. முஹம்மது அலியின் சகோதரர் அப்துல் வஹாப் கான் தம் வீரர்களோடு களத்தில் நின்றுகொண்டே, ஆங்கிலேயத் தளபதியைக் கடிந்துகொண்டார் என்று அக்காலத்து ஆங்கிலேய வரலாற்றாசிரியரே எழுதியுள்ளார். யாருடைய வலிமையை நம்பி முஹம்மது அலி அனைத்தையும் பணயம் வைத்தாரோ, அவர்கள் ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குத் திரும்பிப் போனார்கள். அன்று பின்வாங்கியவர்களில் இளைஞர் ராபர்ட் கிளைவும் இருந்தார்.

அடுத்த ஆண்டு காற்று திசை மாறியது. 1752 ஜூன் மாதத்தில், சந்தா சாஹிபுக்கு உதவ வந்த பிரெஞ்சுத் தளபதி தோத்தேயை கிளைவ் துரத்தி வந்தார். தோத்தே அடைக்கலம் தேடி ஓடி வந்தது இதே கோட்டைக்குத்தான். முந்தைய ஆண்டு அவருடைய படைக்குத் திறந்த கதவு, இம்முறை திறக்கவில்லை. கோட்டைத் தலைவர் இப்போது வெல்லும் பக்கத்தோடு பேசி முடித்திருந்தார். தோத்தே சரணடைந்தார். சில நாட்களுக்குள் ஸ்ரீரங்கத்தில் சிக்கியிருந்த சந்தா சாஹிப், தப்பிக்க வைப்பதாக வாக்களித்த தஞ்சைத் தளபதியை நம்பி வெளியே வந்தார். வாக்கு மீறப்பட்டது, அவர் தலை துண்டிக்கப்பட்டது. அவரும் ஒரு காலத்தில் ராணி மீனாட்சிக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருச்சிக் கோட்டையைக் கைப்பற்றியவர் என்பதை வரலாறு மறக்கவில்லை. திருச்சி நத்தர்ஷா தர்காவில் அவருடைய கல்லறை என ஒன்று இன்றும் காட்டப்படுகிறது.

அப்படியானால் வென்ற முஹம்மது அலி நல்ல நண்பரைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லலாமா? அதற்கு விடை காண, இதே பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள சாத்தனூருக்குச் செல்வோம்.

சாத்தனூரில் ஓர் ஓடைக்கரையில், ஏறக்குறைய 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கிடக்கிறது. 1940ஆம் ஆண்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. நீரில் அடித்து வரப்பட்ட மரம் கடலடிச் சேற்றில் புதைந்தது. காற்றுப் படாததால் அது மட்கவில்லை. மண்ணில் ஊறிய நீர், தன்னோடு கரைத்து வந்த சிலிக்காவை மரத்தின் நுண்ணறைகளில் சிறிது சிறிதாக இறக்கியது. மரம் போகப் போக, கல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று பார்க்கும்போது அது மரமாகவே தோன்றுகிறது. தொட்டால் கல்.

மரம் கல்லான நாள் என்று எந்த ஒரு நாளையும் சுட்டிக்காட்ட முடியாது. எதனோடு நீண்ட காலம் கிடந்ததோ, அதுவாகவே அது ஆகிவிட்டது. மனிதன் தன் நண்பனின் மார்க்கத்தில் இருக்கிறான், ஆகவே யாரை நண்பனாக்குகிறோம் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளட்டும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததன் பொருள் (அபூதாவூத், திர்மிதி) சாத்தனூரில் கண்முன் கிடக்கிறது.

முஹம்மது அலி வாலாஜாவுக்கு நேர்ந்ததும் அதுவே. போருக்கான செலவை ஆங்கிலேயக் கம்பெனி அவர் கணக்கில் எழுதியது. அதைக் கட்ட, கம்பெனியின் ஊழியர்களிடமே அவர் தனிப்பட்ட முறையில் வட்டிக்குக் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடாக ஊர்களின் வரி வருமானம் அடகு போனது. அரசர் சென்னைக்குக் குடிபெயர்ந்து, 1768ஆம் ஆண்டளவில் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார். அவருடைய கடன்கள் இங்கிலாந்து வரை பேசுபொருளாயின. 1785ஆம் ஆண்டில் எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் அதைப் பற்றியே நீண்ட உரை நிகழ்த்தினார். 1795ஆம் ஆண்டில் வாலாஜா இறந்தார். 1801ஆம் ஆண்டில், புதிய நவாபு கையெழுத்திட்ட உடன்படிக்கையின் வழியாக ஆட்சி முழுவதும் கம்பெனியிடம் சென்றது. பட்டமும் அரண்மனையும் சிறிது காலம் மிஞ்சின. வெளித்தோற்றம் மரம், உள்ளே கல்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். வாலாஜா ஆலிம்களை மதித்தவர். லக்னோவின் ஃபிரங்கி மஹல் மரபில் வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ அவர்களைச் சென்னைக்கு வரவழைத்துப் போற்றினார். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய ஆட்சி கைமாறிப் போயிற்று. நல்லோரின் துணையோடு செய்தவை நிலைத்தன. அங்கே இன்றும் ஸஜ்தாக்கள் நிகழ்கின்றன.

இவ்வரலாற்றைப் படித்து, பிற சமயத்தாரோடு பழகக் கூடாது என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. சந்தா சாஹிபும் முஹம்மது அலியும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள்; ஆனால் ஒருவருக்கொருவர் துணையாகவில்லை. மறுபுறம், நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் ஹிஜ்ரத் சென்றபோது வழிகாட்டியாக அமர்த்தியவர், அப்போது குறைஷியரின் மார்க்கத்திலேயே இருந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர்களுடைய தலைக்குக் குறைஷியர் பரிசு அறிவித்திருந்த வேளையிலும் அவர் சொன்ன இடத்துக்கு, சொன்ன நேரத்தில் ஒட்டகங்களோடு வந்து நின்றார். அந்த அமானிதத்தை வாலிகண்டபுரத்துக் கோட்டைத் தலைவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நட்பை எப்படிச் சோதிப்பது? ஒருவரைப் புகழ்ந்து பேசியவரிடம் உமர் (ரலி) அவர்கள் கேட்டதாக அறிவிக்கப்படும் மூன்று கேள்விகள் நமக்குப் போதும். அவரோடு பயணம் செய்திருக்கிறீரா? அவரோடு பணத்தில் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறீரா? அவருக்கு அண்டை வீட்டாராக இருந்திருக்கிறீரா? பள்ளிவாசலில் அவர் தலை குனிந்து நிமிர்வதை மட்டும் பார்த்துவிட்டு அவரை அறிந்ததாகச் சொல்லாதீர் என்பது அதன் கருத்து.

பெரம்பலூர் வட்டாரத்து விவசாயியும் இதை அறிவார். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போடும் முன், அழுகலைப் பொறுக்கி எடுத்துவிடுகிறார். தவறி ஒன்று உள்ளே தங்கினால், அதைச் சுற்றியுள்ளவையும் கெட்டுப்போகும். அவரே பருத்திக் காட்டில் தட்டைப்பயறை ஊடுபயிராக விதைப்பதும் உண்டு. தட்டைப்பயறை நாடி வரும் பொறிவண்டுகள், பருத்தியைத் தாக்கும் அசுவினிப் பூச்சிகளையும் தின்றுவிடும். பக்கத்தில் நிற்பது பருத்தியாக இருக்கவேண்டியதில்லை. பருத்திக்கு நன்மை கொண்டு வருவதாக இருந்தால் போதும். கஸ்தூரி விற்பவரின் அருகில் இருப்பவர் விலைக்கு வாங்காவிட்டாலும் நறுமணத்தையாவது பெறுவார், கொல்லனின் துருத்தி அருகில் இருப்பவர் ஆடை எரிவதிலிருந்தோ கெட்ட வாடையிலிருந்தோ தப்பமாட்டார் என்ற நபிமொழியை (புகாரி, முஸ்லிம்) நம் வயல்களும் வழிமொழிகின்றன.

நம் வீடுகளுக்கு வருவோம். பிள்ளைகள் எந்தப் பள்ளியில், எந்தக் கல்லூரியில் படிக்கிறார்கள் என்று விசாரிக்கும் நாம், யாரோடு படிக்கிறார்கள் என்று கேட்பதுண்டா? இரவு அவர்களுடைய கைபேசியில் வரும் குழுச் செய்திகள் யாருடையவை? பெற்றோர் வேவு பார்க்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்த நண்பர்களை வீட்டுக்கு அழைத்து ஒரு வேளை உணவு கொடுங்கள். அவர்களுடைய பெற்றோரை அறிந்துகொள்ளுங்கள். பெரியவர்களான நம்மையும் நாம் கேட்டுக்கொள்வோம். கடை வைக்கப் பங்கு சேரும்போது, திருமணச் செலவுக்குக் கடன் வாங்கும்போது, நெருக்கடியில் யார் தோளில் கை போடுகிறோம்? வட்டியோடு வரும் உதவி, வாலாஜாவுக்கு உதவியது போலவே நமக்கும் உதவும்.

நாமும் பிறருக்கு நண்பர்களே என்பதையும் மறக்கலாகாது. நம் நண்பர் பலமாக இருக்கும்போது கதவைத் திறந்து, தளர்ந்து ஓடி வரும்போது அடைத்துக்கொள்பவர்களாக நாம் இருக்கிறோமா?

மறுமை நாளில், இன்னாரை நண்பனாக்கிக்கொள்ளாமல் இருந்திருக்கக் கூடாதா என்று கைகளைக் கடித்துக்கொள்ளும் மனிதனைத் திருக்குர்ஆன் காட்டுகிறது (25:27-29). அந்நாளில் நெருங்கிய நண்பர்களும் பகைவர்களாவார்கள், இறையச்சம் உடையவர்களைத் தவிர என்றும் அது அறிவிக்கிறது (43:67). இவ்வுலகில் அந்தக் கைசேதத்தின் சிறு நிழலை ரஞ்சன்குடிக் கோட்டையின் வாசலில் காணலாம். அடுத்த முறை அவ்வழியே பயணம் செய்தால், பிள்ளைகளை அழைத்துச் சென்று கோட்டையைக் காட்டுங்கள்; நேரம் இருந்தால் சாத்தனூர் மரத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ், உன்னை நினைவூட்டும் நண்பர்களை எங்களுக்கும் எங்கள் சந்ததிகளுக்கும் தந்தருள்வாயாக. நாங்கள் தளரும்போது கதவைத் திறப்பவர்களையும், பிறர் தளரும்போது கதவைத் திறக்கும் மனத்தையும் தந்தருள்வாயாக. ஆமீன்.