எண்டர் தட்டிய இடங்கள்

டெர்மினலில் 'என்பிஎம் இனிட்' என்று அடித்தால் அது வரிசையாகக் கேள்வி கேட்கும். பேக்கேஜின் பெயர் என்ன? வெர்ஷன்? ஒரு வரியில் விவரம்? எந்தக் கோப்பிலிருந்து தொடங்கணும்? டெஸ்ட் கட்டளை, கிட் முகவரி, குறிச்சொற்கள், ஆசிரியர், லைசென்ஸ். பல கேள்விகளுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு விடையும் தயாராக நிற்கும். எண்டர் தட்டினால் அதுவே நம் விடை. கடைசியில் 'பேக்கேஜ்.ஜேசன்' என்ற கோப்பில் என்ன எழுதப்போகிறது என்று காட்டி, சரிதானா என்று கேட்கும். அதற்கும் ஒரு எண்டர்.

நான் முதன்முதலில் பொதுவில் வெளியிட்டது முப்பது வரி நிரல். தேதிகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும், அவ்வளவுதான். எல்லாக் கேள்விக்கும் எண்டரைத் தட்டிக்கொண்டே போனேன். சில மாதம் கழித்து வேலையில் மூத்தவர் ஒருவர் கேட்டார்.

"தம்பி, இதை ஏன் ஐஎஸ்சி லைசென்ஸ்ல போட்டிருக்கே?"

"நான் லைசென்ஸே எதுவும் போடலையேண்ணா."

"போட்டிருக்கே. கோப்பைத் தொறந்து பாரு."

திறந்து பார்த்தேன். போட்டிருந்தேன். காசு வாங்கியோ வாங்காமலோ, எதற்காகவும், யார் வேண்டுமானாலும் என் நிரலை எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பரப்பலாம். காப்புரிமைக் குறிப்பை மட்டும் விட்டுவைத்தால் போதும் என்று உலகத்துக்கே எழுதிக் கொடுத்திருந்தேன். பத்திரத்தைப் படிக்காமல் கைநாட்டு வைத்த கதைதான். எனக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை, கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். ஆனால் நான் கொடுக்கவில்லை, எண்டர் பொத்தான் கொடுத்தது. அந்த விடையை அங்கே யார் வைத்தது என்று தேடப்போய்த்தான் இந்தப் பழைய சமாச்சாரங்களுக்குள் விழுந்தேன்.

ஐஎஸ்சி என்பது இன்டர்நெட் சிஸ்டம்ஸ் கன்சார்ட்டியம். இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் 'பைண்ட்' மென்பொருளைப் பராமரிக்கும் அமைப்பு. தங்கள் மென்பொருளுக்காக அவர்கள் வைத்திருந்த சிறிய உரிமம் இது. அதன் பழைய வாசகத்தில் பயன்படுத்த, நகலெடுக்க, மாற்ற, 'மற்றும்' பரப்ப அனுமதி என்று இருந்தது. இதே மாதிரி வாசகம் கொண்ட 'பைன்' என்ற மின்னஞ்சல் நிரலின் உரிமத்தை வைத்து, வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஒரு விளக்கம் சொன்னது: மாற்றலாம், பரப்பலாம், ஆனால் மாற்றியதைப் பரப்பக்கூடாது! ஐஎஸ்சி அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. பின்னர் அந்தச் சொல்லை 'மற்றும்/அல்லது' என்று திருத்திக்கொண்டது. ஒரு இணைப்புச் சொல்லுக்காக மனிதர்கள் இவ்வளவு மல்லுக்கட்டிய உரிமத்தை நான் அரை விநாடியில் தாண்டிப் போயிருக்கிறேன்.

என்பிஎம்மை உருவாக்கியவர் ஐசக் ஷ்லூட்டர். நோட்.ஜேஎஸ் 2009இல் வெளிவந்தது. அதை ஒட்டி 2010இல் இது வந்தது. அவருக்கு முன்மாதிரியாக இருந்தவற்றில் ஒன்று பெர்ல் மொழியின் சீபான் கிடங்கு. பெர்ல்காரர்களிடமும் இப்படிக் கோப்புகளை உருவாக்கித் தரும் ஒரு கட்டளை இருந்தது, பெயர் 'எச்2எக்ஸ்எஸ்'. சி மொழியின் தலைப்புக் கோப்புகளைப் பெர்லுக்கு இணைப்பதற்காகச் செய்தது. போகப்போக, புதிதாக ஒரு மாட்யூல் தொடங்க வேண்டும் என்றாலே ஆட்கள் இதைத்தான் ஓட்டினார்கள். மேக்ஃபைல்.பிஎல், கோப்புப் பட்டியல், மாற்றக் குறிப்பு, டெஸ்ட் எல்லாம் மாதிரியாக வந்து விழும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அது எழுதும் ஆவணம். மாட்யூலின் விவரம் இருக்க வேண்டிய இடத்தில் 'இன்னதுக்கான பெர்ல் நீட்சி, பிளா பிளா பிளா' என்று எழுதி வைக்கும். நம் பெயர் தெரியாவிட்டால் ஆசிரியர் 'ஏ. யு. தார்', மின்னஞ்சல் ஏதோ தூரத்து விண்மீன் மண்டலத்தில். இதெல்லாம் போதாதென்று நடுவில் ஒரு வாக்கியம்: இந்த மாதிரி வரிகளைத் திருத்தாமலே விட்டிருக்கும் அளவுக்கு இதன் ஆசிரியர் அசட்டையாக இருந்திருக்கிறார் போலிருக்கிறது, என்று. கருவியே நம்மைப் போட்டுக்கொடுக்கிறது! அப்படியும் அந்த 'பிளா பிளா'வோடு சீபானில் ஏறிய மாட்யூல்கள் உண்டு. ஒன்றைக் கவனிக்கணும். இத்தனை கிண்டல் செய்கிற எச்2எக்ஸ்எஸ் உரிமத்தை மட்டும் சத்தமில்லாமல் நிரப்பிவிடும், 'பெர்லுக்கு உள்ள அதே நிபந்தனைகள்' என்று.

டெபியன் வேறு வழியில் போனது. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் அறிவித்த லினக்ஸ் தொகுப்பு அது. அங்கே பேக்கேஜ் கட்டுகிறவர் பெரும்பாலும் நிரலை எழுதியவர் அல்ல, யாரோ எழுதியதை எடுத்துக் கட்டித் தருபவர். அதனால் விவரக் கோப்புக்கு வேறொரு கனம். 'டிஎச்-மேக்' கட்டளையை ஓட்டினால் டெபியன் என்ற அடைவுக்குள் கோப்புகளைப் போட்டுவிடும். ஆனால் கண்ட்ரோல் கோப்பில் பிரிவு 'தெரியவில்லை', விவரம் இருக்க வேண்டிய இடத்தில் 'அறுபது எழுத்துக்குள் விவரத்தை நுழைக்கவும்' என்று கூர் அடைப்புக்குறிக்குள் ஒரு கட்டளை. அதை அப்படியே விட்டுவிட்டால் 'லின்டியன்' என்ற சோதனைக் கருவி பிடித்துக்கொள்ளும். மாதிரி வாசகம் இன்னும் இருக்கிறது என்று தனியே குற்றச்சாட்டு வைத்திருக்கிறார்கள். அதையும் தாண்டினால், புதிய பேக்கேஜ்களின் உரிமக் கோப்பைக் கிடங்கின் பொறுப்பாளர்கள் உட்கார்ந்து படிப்பார்கள். சிலருக்கு வாரக்கணக்கில் காத்திருப்பு. எரிச்சலான முறைதான். ஆனால் அங்கே எண்டர் தட்டி உரிமம் கொடுத்துவிட முடியாது.

என்பிஎம்மில் அந்த எரிச்சல் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று நினைக்கிறேன். அந்த வேகத்துக்கு 2016 மார்ச் 22 அன்று ஒரு சோதனை வந்தது. இடப்பக்கம் வெற்றிடமோ சுழியோ சேர்த்து ஒரு சொல்லை நீளமாக்கும் 'லெஃப்ட்-பேட்', 11 வரி. பொதுவாக இதைச் சார்புகளின் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அது பேக்கேஜ்.ஜேசனின் மூன்று கட்டங்களின் கதையாகத் தெரிகிறது.

முதல் கட்டம், பெயர். அந்த நிரலாளர் 'கிக்' என்ற பெயரில் ஒரு பேக்கேஜ் வைத்திருந்தார். அதே பெயரில் அரட்டைச் செயலி நடத்திய கனடிய நிறுவனம் பெயரைக் கேட்டது, அவர் மறுத்தார், என்பிஎம் பெயரை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்தது. கோபத்தில் அவர் தன் பேக்கேஜ்கள் 250க்கும் மேற்பட்டவற்றை ஒரேயடியாக அகற்றினார். லெஃப்ட்-பேடும் போனது. சங்கிலியின் வேறு முனையில் இருந்த 'பேபல்' உட்பட ஏராளமான நிறுவல்கள் உடைந்தன.

இரண்டாவது, வெர்ஷன். பத்து நிமிடத்துக்குள் வேறொருவர் அதே வேலை செய்யும் நிரலை அதே பெயரில் ஏற்றிவிட்டார், 1.0.0 என்ற எண்ணோடு. பிரயோஜனமில்லை. சங்கிலியில் இருந்தவை கேட்டது 0.0.3. பழைய இனிட் கட்டளை முதல் எண்ணாக 0.0.0 என்றுதான் முன்வைக்கும், 1.0.0 என்பது பின்னால் வந்தது. அந்த 0.0.3ஐயே என்பிஎம் மறுபடி வைக்க வேண்டியிருந்தது. எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டரை மணி நேரம்.

மூன்றாவது, லைசென்ஸ். எழுதியவர் வேண்டாம் என்று எடுத்ததை அவர் சம்மதமில்லாமல் திரும்ப வைக்கலாமா? லெஃப்ட்-பேடின் உரிமம் 'உனக்கு என்ன தோணுதோ செஞ்சுக்கோ' என்பதைக் கெட்ட வார்த்தையோடு சொல்லும் ஒன்று. அவரே தேர்ந்தெடுத்தது. அதன்படி தடை எதுவும் இல்லை. அவர் எண்டர் தட்டிப் போயிருந்து, அங்கே ஐஎஸ்சி இருந்திருந்தாலும் முடிவு இதேதான். இதைப் படித்தபோதுதான் என் முப்பது வரி ஞாபகம் வந்து வயிற்றில் ஒரு சின்னக் கலக்கம். அந்தக் கட்டத்தில் இருப்பது, நான் மனம் மாறும் நாளில் என் பேச்சு எதுவரை செல்லும் என்ற கணக்கு.

இதன் பிறகு அகற்றும் உரிமையைக் குறுக்கினார்கள். முதலில் 24 மணி நேரம், பின்னர் 72. அதைக் கடந்தால், வேறு யாரும் சார்ந்திருக்கக்கூடாது என்பது உட்பட நிபந்தனைகள். கேள்விகளைச் சுருக்கவோ யாரும் யோசிக்கவில்லை. 'இனிட்' பக்கத்தில் '-ஒய்' என்று சேர்த்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிடும் வசதி அப்படியே இருக்கிறது. நானும் பயன்படுத்துகிறேன், பொய் சொல்வானேன்.

என் பேக்கேஜைப் போன மாதம் மறுபடி திறந்தேன். ஐஎஸ்சியை அப்படியே விட்டேன், இந்த முறை படித்துவிட்டு. விவரத்தில் ஒரு வரி எழுதினேன். டெஸ்ட் கட்டத்துக்கு மட்டும் எண்டரின் விடை கொஞ்சம் நேர்மையானது: 'பிழை: டெஸ்ட் எதுவும் குறிப்பிடப்படவில்லை' என்று அச்சிட்டுவிட்டு, வேண்டுமென்றே தோல்வியோடு வெளியேறும். அந்த வரி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. டெஸ்ட் எழுதணும்.