ஆமைகளுக்காகவும் கேட்டவர்

1967-இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு வந்த தலைவலிகளில் ஒன்று, ஆமை. இந்துமாக்கடலில், மடகாஸ்கருக்கு வடமேற்கே அல்டாப்ரா என்றொரு பவளத்தீவு. ஏடனைக் காலிசெய்து கிளம்பிக்கொண்டிருந்த பிரிட்டன், கிழக்கே பறக்கும் ராணுவ விமானங்கள் இறங்கி ஏற அங்கே ஓடுதளம் போட நினைத்தது. அங்கே காலங்காலமாகக் குடியிருப்பவையோ பல்லாயிரம் ராட்சத ஆமைகள். பறக்க மறந்துபோன ஒரு பறவையினமும் அந்தத் தீவில் உண்டு. ராயல் சொசைட்டியின் விஞ்ஞானிகள் எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதினார்கள். கடிதத்தைக் கோப்பில் போட்டு மூடிவிடலாம். நாடாளுமன்றக் கேள்வியை மூட முடியாது, அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்ட 35 வயது ஸ்காட்லாந்து உறுப்பினர் ஒருவர் கேள்விகளை எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். ஓடுதளத்துக்கு எவ்வளவு செலவாகும், எந்தப் பறவை எந்த மாதம் முட்டையிடும், அமெரிக்கா எவ்வளவு பங்கு தரும் என்று டஜன் கணக்கில் கேட்டார். பாதுகாப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி, அல்டாப்ராவிலும் எதிர்க்கட்சி முன்வரிசையிலும் ஒரே மாதிரி ஜீவராசிகள்தான் வசிக்கின்றன என்று கிண்டலடித்துப் பார்த்தார். கேள்விகள் நிற்கவில்லை. இத்தனைக்கும் கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. ஹீலியின் சொந்தத் தொழிற்கட்சி உறுப்பினர். அவ்வருடம் நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைக்க வேண்டிய நிலை வந்தது. செலவு வெட்டும் பட்டியலில் அல்டாப்ரா ஓடுதளமும் சேர்ந்தது. பணமுடைதான் ஆமைகளைக் காப்பாற்றியது என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். ஆனால் வெட்டுவதற்கு எது சௌகரியம் என்று கத்தரியோடு தேடும்போது, ஏற்கெனவே ஊர் சிரித்துக்கொண்டிருந்த திட்டம்தானே முதலில் கண்ணில் படும்?

அந்த உறுப்பினர் டாம் டீயெல். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் டால்யெல் என்று வரும், ஊர்க்காரர்கள் சொல்வது டீயெல். 1962 முதல் 2005 வரை 43 ஆண்டுகள் காமன்ஸ் சபையில் இருந்தவர். ஒருநாள்கூட அமைச்சராக இருந்ததில்லை. தொழிற்கட்சியின் பழைய தலைவர் கீர் ஹார்டி, சிறுவனாகச் சுரங்கத்துக்குள் இறங்கி அங்கிருந்து நாடாளுமன்றத்துக்கு ஏறியவர். இவர் பாதை நேர் எதிர்.

எடின்பரோவில் 1932-இல் பிறந்தார். தந்தை கார்டன் லாக், வளைகுடாவில் பிரிட்டிஷ் இந்திய அரசின் அதிகாரி. குடும்பப் பெயரும் சொத்தும் தாய் வழியில் வந்தவை. லின்லித்கோ ஊருக்கு அருகே 'த பின்ஸ்' என்ற மாளிகை. அதைக் கட்டிய வம்சத்தில் 17-ஆம் நூற்றாண்டில் ஒரு தளபதி டாம் டீயெல் இருந்தார். மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டபோது, இனி தாடியை எடுப்பதில்லை என்று சபதம் போட்டவர். ரஷ்யாவுக்குப் போய் ஜாரின் படையில் பணியாற்றித் திரும்பி, ஸ்காட்ஸ் கிரேஸ் குதிரைப்படையை உருவாக்கினார். சாத்தானோடு சீட்டாடி ஜெயித்தார் என்று கதையே கட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தளபதியின் வம்சத்தில் வந்த நம் டீயெல் ஈட்டன் பள்ளியில் படித்தார். கட்டாய ராணுவச் சேவைக் காலத்தில், முன்னோர் உருவாக்கிய அதே ரெஜிமெண்டில் அதிகாரியாக அல்ல, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். பிறகு கேம்பிரிட்ஜ். அங்கே மாணவர் கன்சர்வேட்டிவ் சங்கத்தின் தலைவர்! 1956-இல் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின் மீது பிரிட்டன் படையெடுத்தது அவரைத் தொழிற்கட்சிக்குத் தள்ளியது. போனெஸ் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தார். தாய்வழிப் பாரோனெட் பட்டம் கைக்கு வந்தும் 'சர்' போட்டுக்கொள்ளவில்லை. மாளிகையை 1944-லேயே குடும்பம் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. அதிலேயே குடியிருக்கும் உரிமை மட்டும் அவர்களிடம் இருந்தது.

1962 இடைத்தேர்தலில் மேற்கு லோதியன் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. நிலக்கரிச் சுரங்கமும் எண்ணெய்ப்பாறைக் கழிவு மேடுகளும் நிறைந்த தொழிலாளர் தொகுதி, ஈட்டன்காரரை அனுப்பி வைத்தது. இரண்டாவதாக வந்தவர் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் பில்லி வுல்ஃப். அவர் அதே தொகுதியில் டீயெலை எதிர்த்து ஏழு தேர்தல்களில் நின்று ஏழிலும் தோற்றார். தேசியவாதிகளின் வாதத்தை ஏழு முறை வாசல் வாசலாகப் போய் எதிர்கொண்ட அனுபவம் டீயெலுக்குப் பின்னால் உதவியது என்பது என் எண்ணம்.

அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மனின் நாடாளுமன்ற உதவியாளராகத் தொடங்கியவர், படிப்படியாக மேலே போயிருக்க வேண்டும். 1968-இல் அதைத் தானே கெடுத்துக்கொண்டார். போர்ட்டன் டவுன் ரசாயன, உயிரியல் ஆயுத ஆய்வகம் பற்றித் தேர்வுக்குழு முன் சொல்லப்பட்ட சாட்சியத்தை 'அப்சர்வர்' பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். அது வெளியிடக்கூடியது என்று நினைத்துவிட்டேன் என்றார். சபை ஏற்கவில்லை. சபாநாயகர் அவரை நிற்கவைத்துக் கண்டித்தார்.

இனி 1977. தொழிற்கட்சிப் பிரதமர் காலகனின் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் தருவதாக மசோதா. தேசியக் கட்சியின் வளர்ச்சியைத் தடுக்க அதுவே வழி என்று தொழிற்கட்சித் தலைமை நம்பியது. ஆளுங்கட்சி வரிசையிலிருந்தே டீயெல் எழுந்தார். எடின்பரோவில் ஒரு சட்டமன்றம் வந்து, பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அதன் கைக்குப் போன பிறகு, லண்டனில் உட்கார்ந்திருக்கும் ஸ்காட்லாந்து உறுப்பினருக்கு என்ன வேலை? அவர் தொகுதியில் பிளாக்பர்ன் என்று ஒரு சிற்றூர். இங்கிலாந்தின் லங்காஷயரிலும் ஒரு பிளாக்பர்ன், அது பெரிய நகரம். லங்காஷயர் பிளாக்பர்ன் பள்ளிகளைப் பற்றி நான் வாக்களிக்கலாம், என்னைத் தேர்ந்தெடுத்த பிளாக்பர்ன் பள்ளிகளைப் பற்றி வாக்களிக்க முடியாது, அங்கிருந்து வரும் உறுப்பினருக்கும் என் ஊரைப் பற்றிப் பேச உரிமை இல்லை, இதை இங்கிலாந்துக்காரர்கள் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வார்கள்? இதையே அவர் அந்த விவாதம் முழுக்க, கேட்பவர்கள் அலுத்துப்போகும் அளவுக்கு, திரும்பத் திரும்பக் கேட்டார். நவம்பர் 14 அன்று இன்னோர் உறுப்பினரான ஈனக் பவல் எழுந்து, உறுப்பினர் சொல்ல வருவது ஒருவழியாக எங்களுக்குப் புரிந்துவிட்டது, இதை 'மேற்கு லோதியன் கேள்வி' என்றே அழைப்போம் என்றார். பவல் கிண்டலாகச் சொன்னாரோ பாராட்டாகச் சொன்னாரோ, பெயர் ஒட்டிக்கொண்டது.

சட்டமன்றம் வேண்டுமா என்று 1979 மார்ச் 1-இல் ஸ்காட்லாந்தில் மக்கள் வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் பேர் சட்டமன்றம் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை மசோதாவுக்குள் நுழைத்திருந்தார் இன்னொரு தொழிற்கட்சி உறுப்பினர், லண்டன் தொகுதியிலிருந்து வந்த ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் கன்னிங்ஹாம். கிடைத்தது 33 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. சட்டமன்றம் கைவிட்டுப் போனது. கோபத்தில் தேசியக் கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர, எதிர்க்கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். மார்ச் 28 இரவு 311-க்கு 310, ஒரே ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்தது. மே மாதம் தாட்சர் பிரதமர். டீயெல் தன் வாதத்தில் வென்று, தன் கட்சியின் ஆட்சியைத் தொலைத்த கூட்டத்தில் ஒருவரானார். 18 ஆண்டுகள் அந்தக் கட்சி ஆட்சிக்கு வரவில்லை.

விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் எதிரெதிரே உட்கார்ந்த காலம் இதற்குப் பிறகு வந்தது. 1982 மே 2 அன்று, ஃபாக்லாந்துப் போரில், பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் 'காங்கரர்', அர்ஜென்டினாவின் 'ஜெனரல் பெல்கிரானோ' போர்க்கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அது நம் கப்பற்படையை நெருங்கி வந்துகொண்டிருந்தது என்று இரண்டு நாள் கழித்துச் சபையில் அறிவித்தார் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட். போரையே எதிர்த்ததால் அறிவியல் துறைப் பேச்சாளர் பொறுப்பிலிருந்து தன் கட்சித் தலைவரால் நீக்கப்பட்டிருந்த டீயெல், அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். கப்பல் முதலில் எப்போது கண்ணில் பட்டது? 200 மைல் தடை வளையத்துக்கு உள்ளே இருந்ததா, வெளியே இருந்ததா? எந்தத் திசையில் போனது? பெரு நாட்டின் சமாதான யோசனை பிரதமருக்கு எப்போது தெரியும்?

பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கப்பல் முந்தின நாளே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது, வளையத்துக்கு வெளியே இருந்தது, தாக்கப்பட்டபோது மேற்கு நோக்கி, தன் நாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்தன. 1984 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பாண்டிங் இரண்டு ஆவணங்களை டீயெலுக்குத் தபாலில் அனுப்பினார். அதே ஆண்டு, காங்கரரின் பதிவேடே காணாமல் போயிருப்பது தெரிந்தது. பாண்டிங் மீது அரசு ரகசியச் சட்டத்தில் வழக்கு. அரசின் நலன் என்றால் அன்றைய ஆட்சி சொல்வதுதான் என்று நீதிபதி ஜூரிகளுக்கு விளக்கியும், 1985 பிப்ரவரியில் ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள். அரசு சும்மா இருக்கவில்லை. 1989-இல் புதிய ரகசியச் சட்டம் கொண்டுவந்து, பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்று வாதிடும் வழியை அடைத்தது.

மூழ்கடித்தது போர்க் குற்றம் என்ற டீயெலின் முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. பெல்கிரானோவின் தலைவர் ஹெக்டர் போன்ஸோவே, அது போரில் நியாயமான செயல்தான் என்று பின்னாளில் சொன்னார். ஆனால் டீயெலின் அடிப்படைப் புகார் வேறு: சபையிடம் பொய் சொன்னார்கள். பிரதமரைப் பொய்யர் என்று நேரடியாகவே அழைத்து, சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார், ஒருமுறை மட்டுமல்ல. நீளமான முன்னுரையோடு மற்றவர்கள் கேட்கும் துணைக்கேள்வியை இவர் சிலசமயம் "ஏன்?" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுவார். அந்த ஒரு சொல்லுக்கு அமைச்சர்கள் தயாரித்து வந்த குறிப்புகளில் பதில் இருக்காது.

இந்தப் பிடிவாதம் எப்போதும் நன்மைக்கே ஆனது என்று எழுத என்னால் முடியாது. 2003-இல், ஈராக் போரை எதிர்த்த வேகத்தில், பிரதமர் டோனி பிளேரைச் சுற்றி யூத ஆலோசகர் கும்பல் இருக்கிறது என்று ஒரு பேட்டியில் சொன்னார். சொந்தக் கட்சியிலேயே கண்டனம் எழுந்தது, எழுந்தது சரியே. கேள்வி கேட்பவர் ஆதாரத்தைக் கேட்கிறார், இங்கே அவர் ஆதாரத்தைத் தேடவில்லை. ஆமைகள் விஷயத்திலும் ஒரு உறுத்தல் உண்டு. அல்டாப்ரா தப்பியது, அதே இந்துமாக்கடல் ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த தியேகோ கார்சியா தப்பவில்லை. ராணுவத் தளத்துக்காக 1968-க்கும் 1973-க்கும் இடையே, அது உள்ளிட்ட சாகோஸ் தீவுகளின் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். தென்னந்தோப்புகளில் தலைமுறைகளாக உழைத்த ஆப்பிரிக்க, இந்திய வம்சாவளியினரை வெறும் ஒப்பந்தக் கூலிகள் என்று அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். ஆமைகளுக்கு எழுந்த அளவு குரல் அன்று இவர்களுக்கு எழவில்லை. (2021-இல் இலங்கைத் தமிழ் அகதிகள் கரை சேர்ந்து, பலர் மூன்றாண்டுகள் முகாமில் அடைபட்டுக் கிடந்ததும் இதே தியேகோ கார்சியாவில்தான்.)

2001 முதல் சபையின் மூத்த உறுப்பினராக இருந்து, 2005-இல் ஓய்வுபெற்றார். தன் சுயசரிதைக்கு, சங்கடம் தருவதன் முக்கியத்துவத்தைச் சொல்லும் தலைப்பையே வைத்தார். 2017 ஜனவரி 26 அன்று, 84 வயதில் காலமானார்.

அவர் எதிர்த்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1997 வாக்கெடுப்பில் 74 சதவீத ஆதரவோடு வென்று, 1999-இல் கூடியது. அதற்குப் பிறகு, இங்கிலாந்துக்கு மட்டுமான மசோதாக்களில் வாக்களிப்பதில்லை என்று டீயெல் ஒதுங்கிக்கொண்டார். மற்ற ஸ்காட்லாந்து உறுப்பினர்கள் ஒதுங்கவில்லை. 2004 ஜனவரியில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் கட்டணத்தை உயர்த்தும் மசோதா 5 வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. அந்தக் கட்டணத்தைத் தங்கள் தொகுதி மாணவர்கள் தங்கள் ஊரில் கட்ட வேண்டியிராத ஸ்காட்லாந்துத் தொழிற்கட்சி உறுப்பினர்களின் வாக்குகள் அதில் இருந்தன. 1977-இல் அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்தது. 2015-இல் கன்சர்வேட்டிவ் அரசு, இங்கிலாந்து விஷயங்களில் இங்கிலாந்து உறுப்பினர்களுக்குத் தடையதிகாரம் தரும் விதியைக் கொண்டுவந்தது. சிக்கல் அதிகம், பயன் குறைவு என்று 2021 ஜூலையில் அவர்களே அதை நீக்கிவிட்டார்கள். வேறு விதி எதுவும் அதன் இடத்தில் வரவில்லை.

(தொடரும்)