சொல்வழித் தருக்கமும் நுண்வாசிப்பும் (டோபி காட், சிங்கப்பூர்)

சொல்வழித் தருக்கம் என்பது ஒரு பத்தியைப் படித்து, அதிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம், எதற்கு வரக் கூடாது என்று பிரித்தறியும் திறன். நுண்வாசிப்பு அதோடு ஒட்டிப் பிறந்தது. எழுதியவர் நிறுவ வருவது என்ன, அதற்கு அவர் காட்டும் காரணம் என்ன, சொல்லாமலே நம்பிக்கொண்டிருப்பது என்ன என்று பார்த்துப் படிப்பது அது. பல்கலைக்கழகச் சேர்க்கை, மருத்துவம், சட்டம், மேலாண்மை, அரசுப் பணி ஆகியவற்றுக்கான திறனறித் தேர்வுகளில் இவ்விரண்டும் ஒரே பகுதியாகச் சோதிக்கப்படுகின்றன. பாடநூல் அறிவு இங்கே உதவாது. பத்தியின் பொருளைப் பற்றி முன்பே தெரிந்தவர்தான் பல நேரங்களில் சறுக்குகிறார்.

வட்டாரம்

இத்தகைய தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் நாடும் வட்டாரங்களில் ஒன்று டோபி காட். அந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டில் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்க் கரையில் துணி வெளுத்துக் காயவைத்த இந்தியச் சலவைத் தொழிலாளர்களிடமிருந்து வந்தது. அதை ஒட்டிய பிராஸ் பசா சாலை பள்ளிக்கூடங்களின் சாலையாக வளர்ந்தது. ராஃபிள்ஸ் கல்வி நிலையம் 1972 வரை அங்கே இருந்தது. செயின்ட் ஜோசஃப் பள்ளியின் பழைய கட்டடம் பிற்காலத்தில் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் ஆனது. பள்ளிகள் இடம் மாறிய பிறகும் படிப்பு இந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் 2005இல் பிராஸ் பசா வளாகத்துக்கு வந்தது. கலைப்பள்ளியான சோட்டா 2010இல் டோபி காட் நிலையத்தை அடுத்த சுபிர் சயிட் டிரைவில் தன் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது.

தேர்வுக்குப் படிக்கும் தலைமுறைகளுக்கு இந்த வட்டாரம் தந்த பெரிய கொடை நூலகம்தான். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் செங்கல் சுவரோடு நின்ற பழைய தேசிய நூலகம் 1960இல் திறக்கப்பட்டது. ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்காக 2004இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. அதை இடித்ததற்கு எழுந்த எதிர்ப்பைச் சிங்கப்பூரர்கள் இன்றும் பேசுகிறார்கள். அங்கே படித்துத் தேர்வெழுதியவர்களின் வருத்தத்தில் நியாயம் உண்டு. 2005இல் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் எழுந்த புதிய கட்டடத்தில் தமிழ் நூல்களுக்கும் நல்ல இடம் இருக்கிறது. அதன் எதிரே பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ். 1980இல் கட்டப்பட்ட இந்த அடுக்குமாடியைச் சீனர்கள் புத்தக நகரம் என்று அழைப்பார்கள். பழைய புத்தகக் கடைகளும், பயிற்சித்தாள் அடுக்குகளோடு பாப்புலர் கடையும் அங்கே உள்ளன. ‘அசெஸ்மென்ட் புக்’ என்று சிங்கப்பூர்ப் பெற்றோர் சொல்லும் அந்தப் பயிற்சி நூல்களைத் தேடிச் சனிக்கிழமைகளில் குடும்பத்தோடு வருகிறவர்கள் உண்டு.

துணைப்பாட வகுப்புகளுக்குச் சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஓர் ஆண்டில் செலவிட்ட தொகை 2023ஆம் ஆண்டின் குடும்பச் செலவின ஆய்வுப்படி ஏறத்தாழ 180 கோடி வெள்ளி. லிட்டில் இந்தியாவை அடுத்த பீட்டி சாலையில் இருக்கும் சிண்டா, 1991இல் தொடங்கப்பட்ட இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். வசதி குறைந்த இந்திய மாணவர்களுக்கும் எட்டும் கட்டணத்தில் அது துணைப்பாட வகுப்புகளை நடத்துகிறது.

தேர்வுகள்

மருத்துவம் படிக்க விரும்பும் சிங்கப்பூர் மாணவருக்கு இன்று முதலில் எதிர்ப்படுவது யுகேட் என்ற சேர்க்கைத் தேர்வு. முன்பிருந்த பிமேட் 2023 அக்டோபரோடு நிறுத்தப்பட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும், நன்யாங்கின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியும் இப்போது யுகேட் மதிப்பெண்ணையே கேட்கின்றன. 2025 முதல் அதன் சொல்வழித் தருக்கப் பகுதியில் 11 பத்திகள், 44 கேள்விகள், 22 நிமிடங்கள். ஒரு பத்தியைப் படித்து நான்கு கேள்விக்கும் விடையளிக்க இரண்டே நிமிடம். உருவங்களை வைத்துக் கேட்கப்பட்ட பகுதி அதே ஆண்டில் நீக்கப்பட்டதால், சொல்லும் தருக்கமும் முன்னைவிட எடை கூடியிருக்கின்றன.

மேலாண்மை முதுகலைக்குச் செல்வோர் ஜிமேட் அல்லது ஜிஆர்இ எழுதுகிறார்கள். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட் இலக்கணத் திருத்தக் கேள்விகளைக் கைவிட்டது. அதன் சொல் பகுதியில் வாசிப்பும் வாத ஆய்வும் மட்டுமே உள்ளன, 45 நிமிடத்தில் 23 கேள்விகள். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட்டிலும் 2024 ஆகஸ்ட் முதல் புதிர்ப் பகுதி கிடையாது. இந்த மூன்று மாற்றங்களும் ஒரே திசையில் போகின்றன. இலக்கண விதியை ஒப்பிப்பதும் புதிரை அவிழ்ப்பதும் பின்னுக்குப் போய், ஒரு வாதத்தை எடைபோடுவது முன்னுக்கு வந்திருக்கிறது. இது நல்ல மாற்றம்.

சிங்கப்பூரின் சொந்தத் தேர்வு முறையில் இதே திறனைக் கேட்பது ஏ-லெவல் பொதுத்தாள், மாணவர் பேச்சில் ‘ஜிபி’. அதன் இரண்டாம் தாளில் கட்டுரைப் பகுதிகளைப் படித்துச் சுருக்கி எழுத வேண்டும். அவற்றின் கருத்துகளைத் தன் சமூகத்தோடு பொருத்திப் பார்த்தும் எழுத வேண்டும். அங்கே சொந்தக் கருத்துக்கு இடம் உண்டு, யுகேட்டில் அறவே இல்லை. இரண்டையும் ஒரே ஆண்டில் எழுதும் தொடக்கக் கல்லூரி மாணவர் ஒன்றின் பழக்கத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோனால் மதிப்பெண் இழப்பார்.

ஒரு பத்தி, மூன்று கூற்றுகள்

யுகேட் பாணிக் கேள்விகளில் ஒருவகை, ஒரு கூற்றைத் தந்து சரி, தவறு, சொல்ல முடியாது என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பின்வரும் பத்தியைப் பார்க்கலாம்.

“டோபி காட் நிலையத்தில் வடக்கு–தெற்கு ரயில் பாதை 1987இல் திறக்கப்பட்டது. வடகிழக்குப் பாதை 2003இல் வந்து சேர்ந்தது. வட்டப் பாதை 2010இல் இணைந்தபோது, சிங்கப்பூரில் மூன்று பாதைகள் சந்திக்கும் முதல் நிலையமாக அது ஆனது.”

முதல் கூற்று: 2005இல் இந்நிலையத்துக்கு இரண்டு பாதைகள் இருந்தன. பத்தி இதை நேராகச் சொல்லவில்லை, ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கிறது. சரி. இரண்டாம் கூற்று: 2008இல் சிங்கப்பூரின் வேறொரு நிலையத்தில் மூன்று பாதைகள் சந்தித்தன. முதல் நிலையம் என்ற சொல்லோடு மோதுகிறது. தவறு. மூன்றாம் கூற்று: வட்டப் பாதை வந்த பிறகு நிலையத்தில் கூட்டம் அதிகமானது.

தினமும் மாலை ஆறு மணிக்கு அங்கே ரயில் மாறுகிறவர் யோசிக்காமல் சரி என்று குறிப்பார். பத்தியிலோ கூட்டத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. விடை, சொல்ல முடியாது. தெரிந்தது எது, பத்தி சொன்னது எது என்ற கோட்டைக் கண் தாண்டிவிடுவதுதான் இந்தப் பகுதியில் நேரும் தவறுகளுக்குப் பெரும்பாலும் காரணம். வேகக் குறைவையும் சொல்வளக் குறைவையும் பழிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வாதத்தைப் பிரித்தல்

ஜிமேட், எல்சாட் கேள்விகள் இன்னும் ஒரு படி ஆழம் போகும். ஒரு வாதம்: “நூலகத்தில் படிக்கும் மாணவர்கள் மற்றவர்களைவிட நல்ல மதிப்பெண் பெறுகிறார்கள். ஆகவே நூலகத்தை இரவு 11 மணி வரை திறந்து வைத்தால் மாணவர்களின் மதிப்பெண் உயரும்.” முடிவு எது, காரணம் எது என்பது தெளிவு. கேள்வி கேட்பது இரண்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கும் எடுகோளை. நூலகம்தான் மதிப்பெண்ணை உயர்த்தியது என்று வாதம் நம்புகிறது. ஏற்கெனவே ஊக்கமுள்ள மாணவர்களே நூலகத்தைத் தேடி வருகிறார்கள் என்றாலும் முதல் வாக்கியம் மாறாமல் நிற்கும், முடிவு மட்டும் விழுந்துவிடும். எடுகோளைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி மறுத்துப் பார்ப்பது. ஒவ்வொரு விடையையும் எதிர்மறையாக்கிப் படித்தால், எது மறுக்கப்படும்போது வாதம் சரிகிறதோ அதுவே எடுகோள்.

இந்த ஆய்வு தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிப்பது முழுக்கத் தருக்கம். நிறுவ வந்ததைப் பக்கம் என்றும், காரணத்தை ஏது என்றும், எடுத்துக்காட்டைத் திட்டாந்தம் என்றும் வகுத்து, ஒவ்வொன்றும் எப்படிப் பழுதாகும் என்று அந்தக் காதை பட்டியலிடுகிறது. பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி மூன்று, திட்டாந்தப்போலி பத்து. ஏதுப்போலிகளில் ஒன்று அநைகாந்திகம். காட்டிய காரணம் நிறுவ வந்ததற்கும் அதன் எதிர்ப்பக்கத்துக்கும் பொதுவாக இருப்பது அதன் முதல் வகை. நூலக வாதத்தின் குறையை இந்தக் கண்ணோடு பார்த்தால் சட்டென்று தெரியும். ஊக்கமுள்ளவர் வருகிறார் என்றாலும், வந்தவர் ஊக்கம் பெறுகிறார் என்றாலும் அதே காரணம் பொருந்துகிறது. உயர்நிலைத் தமிழ் படித்த மாணவருக்கு இந்தக் காதையை ஆசிரியர் ஒருமுறை விளக்கிவிட்டால், ஆங்கிலத் தேர்வுக்கும் அது கைகொடுக்கும். பாடத்திட்டங்கள் இதைப் பயன்படுத்தாமல் இருப்பது பெரிய இழப்பு.

பயிற்சி

கடையில் கிடைக்கும் பயிற்சித்தாள்களை எண்ணிக்கைக்காகச் செய்து தள்ளுவதுதான் பொதுவான வழக்கம். அதனால் பயன் குறைவு. ஒரு பத்தியை முதலில் நேரக் கணக்கில்லாமல் படித்து, முடிவு வாக்கியத்தின் கீழ்க் கோடிட்டு, ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் எந்த வரி சான்று என்று விரல் வைத்துக் காட்டும் பழக்கம் வர வேண்டும். சான்று வரியைக் காட்ட முடியாத விடை, சரியாக அமைந்திருந்தாலும் அது குருட்டடிதான். துல்லியம் நிலைத்த பிறகே கடிகாரத்தை வைக்க வேண்டும்.

பிழைக் குறிப்பேடு இந்தப் பயிற்சியின் உயிர்நாடி. கேள்வி எண்ணையும் சரியான விடையையும் எழுதி வைப்பது போதாது. தவறான விடை ஏன் அந்த நேரத்தில் சரியாகத் தோன்றியது என்று ஒரு வரி எழுத வேண்டும். சில பக்கங்கள் நிரம்பியதும் ஒவ்வொருவரின் பலவீனமும் தெரிந்துவிடும். ஒருவர் ‘எல்லாம்’, ‘மட்டுமே’, ‘ஒருபோதும்’ போன்ற முற்றுச் சொற்களைக் கவனிக்காமல் விடுகிறார். இன்னொருவர் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததை ஒன்றால் மற்றொன்று நடந்ததாக எடுத்துக்கொள்கிறார். வேறொருவர் பத்தியில் வந்த அதே சொற்கள் விடையிலும் இருப்பதைக் கண்டு ஏமாறுகிறார். கேள்வித்தாள் அமைப்பவர்கள் இந்த மூன்றாம் பொறியை வேண்டுமென்றே வைக்கிறார்கள்.

சிங்கப்பூர்த் தமிழ் மாணவருக்கு மற்றொரு பயிற்சிக்கும் வாய்ப்பு உண்டு. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் ஆங்கில நாளேடும் ஒரே செய்தியை எழுதும் நாளில் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். எந்தத் தகவல் ஒன்றில் மட்டும் உள்ளது, எது தலைப்புக்குப் போனது, யாருடைய கூற்று மேற்கோளாக வந்தது, யாருடையது விடுபட்டது என்று குறித்தால், செய்தியும் அதைச் சொல்லும் விதமும் தனித்தனி என்பது புலப்படும். இரு மொழி தெரிந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் வாய்ப்பு இது.

பிற நாடுகளோடு

இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் இதே திறன் சிசாட் என்ற பெயரில் 2011இல் வந்தது. 80 கேள்விகள், இரண்டு மணி நேரம். 2015 முதல் 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்ற தகுதித் தாளாக அது மாறியது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவதால், தமிழ்வழியில் படித்தவர் வாசிப்பில் பின்தங்குவது அவருடைய சிந்தனையின் குறையாகக் கணக்கில் ஏறுகிறது. இது அநீதி. மேலாண்மைக்கான கேட் தேர்விலும் சட்டத்துக்கான கிளாட் தேர்விலும் பத்தி வாசிப்புக்கே பெரும் பங்கு.

தவறான விடைக்கு மதிப்பெண் கழியுமா என்பதில் தேர்வுகள் வேறுபடுகின்றன, பயிற்சியும் அதற்கேற்ப மாற வேண்டும். சிசாட்டில் தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போகும். கேட்டில் நான்கு விடைக் கேள்விக்குச் சரியென்றால் மூன்று கூடும், தவறென்றால் ஒன்று கழியும். யுகேட்டிலும் ஜிஆர்இயிலும் கழிவு இல்லை, அங்கே விடையில்லாமல் விடும் கேள்வி வீண்.

யுகேட்டை ஓர் ஆண்டின் சேர்க்கைச் சுற்றில் ஒரே முறைதான் எழுதலாம், ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஏ-லெவல் படிக்கும் மாணவருக்கு இது முன்னோட்டத் தேர்வுகள் நடக்கும் காலம், ஆகவே ஆண்டின் தொடக்கத்திலேயே பத்தி வாசிப்பைத் தொடங்குவது வழக்கம். தேர்வு நடத்தும் அமைப்பே மாதிரித் தேர்வுகளை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஜிஆர்இக்கும் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடிக்கும் அப்படியே. காசு கொடுத்து வாங்கும் தாள்களைவிட இவை உண்மைத் தேர்வின் நடைக்கு நெருக்கமானவை. இவற்றைத் தொடக்கத்திலேயே செலவழித்துவிடாமல், குறிப்பேட்டில் பழைய பிழைகள் திரும்பாத நிலை வந்த பிறகு எடுப்பது நல்லது.