குண்டு எட்டிய தூரமும் கோணம் காட்டிய தூரமும்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. செஞ்சியில் அப்போது மராட்டிய மன்னர் ராஜாராம் இருந்தார். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அந்தப் பேரத்தில் எழுதப்பட்ட அளவு, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம். இதற்காகவே சென்னையிலிருந்து பெரிய பித்தளைப் பீரங்கி ஒன்று வந்தது. எப்படி மருந்து கெட்டித்துச் சுட்டால் குண்டு அதிக தூரம் போகும் என்பது சுடுகிறவன் திறமைக்கு விடப்பட்டது. குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூர்ப் பட்டினமும் சுற்றியிருந்த ஊர்களும் அடங்கின. கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று புதுப் பெயர் வந்தது. அந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடியும் குண்டுசாலையும் இன்றும் அந்தப் பெயரிலேயே இருக்கின்றன.

இந்த அளவைக்கு ஒரே ஒரு புள்ளிதான் உண்டு. கோட்டை நடுவில் நிற்க, மற்ற ஊர்களெல்லாம் அதிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதால் மட்டுமே அறியப்பட்டன. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் உள்ள உறவை அது கேட்கவே இல்லை. புதிய ஆட்சி புதிய அறிவைக் கொண்டுவந்தது என்ற வழக்கமான கதையை நம்புகிறவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். ஏனென்றால் இதே மண்ணில், தெற்கே சிதம்பரம் பக்கத்தில், அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நிலத்தை உறவுகளின் வலையாக அறியும் முறை வேரூன்றியிருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நிலத்தை அடையாளம் சொல்லும் விதத்தைப் பாருங்கள்: இன்ன வதிக்கு (பாதைக்கு) கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாற்றில் (கிளை வாய்க்காலில்) இத்தனையாம் சதிரம் (சதுரத் துண்டு). வதியும் வாய்க்காலும் ஒன்றையொன்று வெட்டும் இடங்களே முடிச்சுகள்; நிலம் அந்த முடிச்சுகளுக்கு நடுவே தன் இடத்தைப் பெறுகிறது. தானமாக விடும் நிலமென்றால் நான்கெல்லையும் சொல்லியாக வேண்டும். முதலாம் பராந்தகனின் பட்டப்பெயரைத் தாங்கிய வீரநாராயண ஏரி, அதாவது வீராணம், பாய்ச்சிய வட்டாரத்தில் இப்படிச் சொல்வது இயல்பாகவே வந்திருக்கும். அங்கே நீர் போகும் வழி தெரிந்தவனுக்கு நிலம் இருக்கும் இடமும் தெரியும்.

அது வெறும் வாய்ச்சொல், அளவை ஆகாது என்று ஒருவர் மறுக்கலாம். முதலாம் குலோத்துங்கன் 1086-இல் நிலத்தை அளக்கச் செய்தான். அதற்கு முன்பே ராஜராஜன் காலத்தில் வேலி, மா, குழி என்று தொடங்கி, நம்ப முடியாத அளவு நுண்ணிய கீழ்வாய்ப் பின்னங்கள் வரை கணக்கு எழுதினார்கள். கோல் பிடித்து அளந்தவர்கள்தான் உறவையும் எழுதினார்கள். ஆனால் மறுப்பில் ஓர் உண்மை இருக்கிறது. வாய்க்கால் தூர்ந்தால் விலாசம் அழியும். அந்த ஊரை அறியாதவனுக்குக் கல்வெட்டு வழிகாட்டாது. ஓர் ஊரின் வலையை அடுத்த ஊரின் வலையோடு சேர்த்துத் தைக்க அதில் வழியில்லை.

அந்தத் தையல் 1802-இல் தொடங்கியது. திப்பு வீழ்ந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்த நேரம். பட்டாள அதிகாரி வில்லியம் லாம்டன் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் முக்கோணங்களால் இணைக்கப் புறப்பட்டார். ஏப்ரலிலும் மே மாதத்திலும் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஒரே ஓர் அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் எஃகு நீளும் என்பதால் கூடாரம் போட்டு, வெப்பமானி வைத்து அளந்த கோடு அது. அதன் பிறகு, சரிபார்ப்புக்குத் தவிர, நீளம் அளக்கும் வேலை இல்லை, கோணம் மட்டும்தான். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றவை கணக்கில் வரும். மூன்றாவது கோணத்தையும் பார்த்தால் முதல் இரண்டும் சரியா என்று அதுவே சொல்லிவிடும். இதற்கான தியோடலைட் அரை டன் எடை. கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். முக்கோணங்கள் தெற்கே இறங்கிக் கடலூரை அடைந்தன. பூமியின் வளைவை அறிய லாம்டன் அளந்த முதல் தீர்க்கரேகை வில்லின் தென்முனை, ஆங்கில ஏடுகளில் ‘திரிவந்தெபோரம்’ என்று எழுதப்பட்ட, தேவநாதசுவாமி கோயில் கொண்ட திருவந்திபுரம்தான். வடமுனை சென்னைக்கு வடக்கே. இரண்டுக்கும் நடுவே சுமார் ஒன்றரை டிகிரி. இரு முனைகளிலும் அதே நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகையைக் கணித்தார். குண்டு வீசி எல்லை போட்ட அதே கடலூருக்கு நூறாண்டுக்கு மேல் கழித்து வந்த இந்த அளவை, கோட்டையை மையமாக வைக்கவில்லை. எந்தப் புள்ளியும் இதில் தலைமைப் புள்ளி இல்லை. 1804-இல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோட்டை அளந்து கணக்கோடு ஒப்பிட்டபோது, ஏழு மைல் நீளத்தில் வித்தியாசம் சுமார் 3.7 அங்குலம்தான்.

கொள்ளிடத்தைத் தாண்டினால் குன்று இல்லை. காவிரிச் சமவெளியில் லாம்டனுக்குக் கோபுரங்களே குன்றுகள் ஆயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. அவரே வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். பரங்கிப்பேட்டைக் கடலில் போன கப்பல்களுக்குச் சிதம்பரத்தின் ஏழுநிலைக் கோபுரங்கள் அடையாளமாக இருந்ததும் இதே காரணத்தால்தான். தட்டையான நாட்டில் தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளைக் கட்டிவைத்தவர்கள் கோயில் எழுப்பியவர்கள். அளவையின் வரலாற்றில் அவர்களுக்குரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

இந்த முக்கோண வலையின் வலிமை எண்களில் இல்லை, இணைப்புகளில் இருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. இந்திய நிலப்படங்களின் தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டவை. அந்த ஆதாரமே சுமார் இரண்டரை நிமிடம் பிழை என்று பின்னால் தெரிந்தது. தரையில் அது நான்கு கிலோமீட்டருக்கு மேல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தம் வந்தபோது கடலூரும் சிதம்பரமும் எல்லாமும் சேர்ந்து மேற்கே நகர்ந்தன. ஒன்றுக்கொன்று உள்ள தொலைவு கெடவில்லை. இன்று கணினித் திரையில் முடிச்சுகளையும் கோடுகளையும் இழுத்துவைத்து வலைப்பின்னல் வரைகிறவர்கள் தினமும் செய்வது இதைத்தான்: மொத்த வரைபடத்தையும் நகர்த்தினாலும் எது எதோடு சேர்ந்தது என்பது மாறுவதில்லை. பீரங்கி அளவையில் இது நடக்காது. கோட்டையை நகர்த்தினால் எல்லையே இல்லை.

இவ்வளவும் ஆட்சிக்காகச் செய்ததுதானே என்பது கனமான மறுப்பு. ஆம், அந்தப் படங்கள் பட்டாளத்துக்கும் வரிக்கும் உதவின. அதை மழுப்பக் கூடாது. ஆனால் மேலிருந்து வந்த வலை, கீழே ஏற்கெனவே இருந்ததை அழித்துவிடவில்லை. கடலூரிலோ சிதம்பரத்திலோ இன்று பதிவாகும் கிரயப் பத்திரத்தில் புல எண்ணும் பரப்பளவும் இருக்கும். கூடவே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று சக்குபந்தியும் இருக்கும். பரப்பளவும் நான்கெல்லையும் முரண்பட்டு வழக்கு வந்தால், நம் நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லையின் பக்கமே நிற்கின்றன.