கட்டுமானக் கருவிகளும் அவற்றின் பதிப்புகளும்: ஒரு வரலாற்று நோக்கு

ஏட்டுச் சுவடியைப் பேணுவோர் அதனை வாசிக்கும் ஆற்றலையும் பேணுதல் வேண்டும். பழைய எழுத்தை அறிந்தார் இலரெனின் ஏடு இருந்தும் பயனில்லை. இவ்வுண்மை கணினி நிரல்களுக்கும் பொருந்தும். மனிதர் எழுதும் மூலநிரலை இயங்கத்தக்க மென்பொருளாக ஆக்கித் தருவன கட்டுமானக் கருவிகள். அவற்றின் பல பதிப்புகளை ஒரே கணினியில் வைத்தாளும் தேவை எவ்வாறு எழுந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ருவாட் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை ஆக்கினார். கட்டளை வரிகள் 'டாப்' என்னும் இடைவெளிக் குறியுடனேயே தொடங்கவேண்டும் என்ற அதன் விதி பலரை இடர்ப்படுத்தியது. அக்குறை உணரப்பட்டபோது பயனர் ஏறத்தாழப் பன்னிருவரே. எனினும் அவர்களுடைய கோப்புகள் பழுதாகிவிடும் என எண்ணி, அவர் விதியை மாற்றாது விட்டார். பழையதைக் காக்க விரும்பியவர் புதியதைத் துறக்க நேர்ந்தது.

பின்வந்தோர் மாற்றத்தையே தெரிந்தனர். 'ஓட்டோகொன்ஃப்' கருவியின் 2.13ஆம் பதிப்பு 1999இலும் 2.50ஆம் பதிப்பு 2001இலும் வெளிவந்தன. முன்னதற்கென எழுதப்பட்டவை பல பின்னதில் இயங்கவில்லை. ஆதலின் டெபியன் இயங்குதளம் இரண்டையும் வெவ்வேறு பெயரில் அருகருகே வைத்துப் பேணியது. உழவு இயந்திரம் வந்த பின்னரும் பூவரசங்குளத்து உழவன் வரம்பு கட்டும் மண்வெட்டியை எறிந்துவிடுவதில்லை அன்றோ?

நம் நாட்டவருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. இலங்கையர் பெரும்பங்காற்றிய 'அப்பாச்சி அக்சிஸ்2' என்னும் மென்பொருள் தொடக்கத்தில் 'மேவன் 1' கொண்டு கட்டப்பட்டது. பின்னர் 'மேவன் 2'க்கு மாறியது. 2005இல் வெளிவந்த மேவன் 2, முந்திய பதிப்பின் திட்டக்கோப்பை ஏற்காது. எனவே அக்சிஸ்2இன் ஆரம்ப மூலநிரலை அது எழுதப்பட்ட வடிவிலேயே கட்டியெடுக்க விரும்பும் ஆய்வாளன் மேவன் 1ஐயே நாடவேண்டும்.

பதிப்புகளை ஆளும் முறைகளும் படிப்படியாக வளர்ந்தன. முதலில் ஒவ்வொரு பதிப்பும் தனித்தனிக் கோப்புறையில் வைக்கப்பட்டு, எது பொதுப்பெயருக்கு உரியது என்பதை ஓர் இணைப்பு சுட்டியது. இம்முறையில் ஒரு வேளையில் ஒன்றே கணினி முழுவதற்கும் பொதுவாயிற்று. அடுத்து, ஒவ்வொரு திட்டமும் தனக்கு வேண்டிய பதிப்பைத் தன் கோப்பிலேயே குறித்துவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. எல்கோ டொல்ஸ்ரா 2006இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் விளக்கிய 'நிக்ஸ்' முறை இன்னும் ஒரு படி முன்சென்றது. அதில் ஒவ்வொரு பதிப்பும், தான் ஆக்கப்பட்ட உள்ளீடுகளிலிருந்து கணிக்கப்பட்ட தனிக் குறியீட்டைப் பெயரிற் கொண்டு, பிறவற்றோடு மோதாது இருக்கும்.

பழைய பதிப்புகள் இடத்தை அடைக்கும். திருத்தப்படாத பாதுகாப்புக் குறைகளும் அவற்றில் இருக்கலாம். அன்றாடப் பணிக்கு அவற்றைப் பயன்படுத்தாது ஒதுக்கிவைத்தல் தகும். ஆயினும் அழித்தல் தகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நெருப்புக்கு இழந்த சமூகம் நாம். நூல் அழிந்தால் இழப்பு உடனே தெரியும். கருவி அழிந்தாலோ, மூலநிரல் கையில் இருக்கவே, இழந்ததை நாம் அறியாதிருப்போம். நம்மவர் ஆக்கும் மென்பொருள்களைத் தொகுப்போர் அவற்றைக் கட்டிய கருவிகளையும் பதிப்பெண்ணுடன் சேர்த்துப் பேணுவாராக.