ஜல்லிக்கு முதல் பூச்சு

வடகிழக்குப் பருவமழை ஓய்கிற நாட்களில் மந்தாரக்குப்பத்துக் கடைத்தெருவில் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் அது சாலையில் வந்து நிற்கும். கடலூர்–விருத்தாசலம் சாலையில் இருக்கிற ஊர். பக்கத்திலேயே சுரங்கம், அனல்மின் நிலையம். டிப்பர்களுக்கும் சாம்பல் லாரிகளுக்கும் ஓய்வு கிடையாது. ஐப்பசியில் உள்ளங்கை அளவில் தார் பெயர்ந்த இடம் மார்கழிக்குள் வண்டிச் சக்கரத்தை உள்வாங்கும் பள்ளமாகிவிடும். மழையால் கெட்டது என்பார் ஒருவர், லாரியால் கெட்டது என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் நிஜமான தகராறு கல்லுக்கும் தாருக்கும் நடுவில் நடக்கிறது.

கருங்கல் ஜல்லிக்குத் தாரைவிடத் தண்ணீர்தான் நெருங்கிய உறவு. வெயில் காலம் முழுவதும் தார் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே தண்ணீர் தேங்கினால், கல்லின் நுண்துளைகள் வழியாக நீர் நுழைந்து தாரை மெல்லத் தள்ளிவிட்டுத் தான் போய் ஒட்டிக்கொள்ளும். மேலே ஓடும் ஒவ்வொரு சக்கரமும் அந்த நீரை அழுத்தி இன்னும் உள்ளே செலுத்தும். பிடி விட்ட ஜல்லி உருண்டு வெளியே வரும். ஒரு கல் போன இடத்தில் அடுத்த கல்லுக்குப் பக்கத்துணை இல்லை. பள்ளம் பிறப்பது இப்படித்தான்.

இந்தப் பிரச்சினைக்கு மதுரையில் ஒரு விடை கிடைத்தது. கொடுத்தவர் சாலைப் பொறியாளர் அல்ல, வேதியியல் வாத்தியார்.

ராஜகோபாலன் வாசுதேவன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1967-ல் எம்.எஸ்ஸி. முடித்து, 1974-ல் முனைவர் பட்டம் பெற்றவர். அடுத்த ஆண்டு மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். பேராசிரியர் ஆனது 1998-ல். பொறியியல் கல்லூரியில் வேதியியல் துறை என்றால் எப்படிப்பட்ட இடம் என்று அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நீரின் கடினத்தன்மையும் துருப்பிடித்தலும் பாலிமரும் சொல்லிக்கொடுத்து அனுப்புகிற துறை அது. பெரிய கருவிகளோ பெரும் நிதியோ அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அப்படியொரு துறையில் கால் நூற்றாண்டு பாடம் நடத்திவிட்டு, ஐம்பதைத் தாண்டிய வயதில்தான் அவர் தன் பெயர் சொல்லும் வேலையைத் தொடங்கினார். ஆராய்ச்சி வாழ்க்கை என்றால் முப்பது வயதுக்குள் முத்திரை பதித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

2001 வாக்கில் கேரி பேக் எல்லாருடைய வாயிலும் அடிபட்டது. சாக்கடை அடைக்கிறது, மாடு தின்று சாகிறது, தடை செய்யுங்கள் என்ற குரல் நாடெங்கும் கேட்டது. வாசுதேவன் அதை வேறு கண்ணால் பார்த்தார். பாலித்தீனும் ஹைட்ரோகார்பன், தாரும் ஹைட்ரோகார்பன். (ஊர்ப் பேச்சில் தார் என்றாலும், இன்று சாலையில் ஊற்றுவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பின் அடியில் மிஞ்சும் பிடுமன்.) ஒரே கச்சா எண்ணெயின் வழியில் வந்த இரண்டையும் சேர்த்தால் சேராமலா போகும்?

சேர்க்கலாம் என்ற யோசனை அவருக்கு மட்டுமே வந்ததல்ல. அதே காலத்தில் பெங்களூரில் அகமது கான் என்ற தொழில்முனைவோர் பிளாஸ்டிக் கழிவைப் பொடித்துத் தாரில் கலந்து சாலை போட்டுக்கொண்டிருந்தார். பெங்களூர்ப் பல்கலைக்கழகம் அதைச் சோதித்துப் பார்த்தது. வெளிநாடுகளிலோ தாரில் பாலிமர் கலப்பது அதற்கு வெகு முன்பே பழகிய தொழில். இந்த வழிகளில் எல்லாம் பிளாஸ்டிக் போய்ச் சேர்ந்த இடம் தார்தான். இதை ஈர முறை என்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. கொதிக்கும் தாரில் பாலித்தீனைப் போட்டால் உருகும், ஆனால் முழுதாகக் கரையாது. கலக்குவதை நிறுத்தினால் பிரிந்து மேலே மிதக்கும். தனி இயந்திரம் வைத்துக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அளவையும் கூட்ட முடியாது.

வாசுதேவன் வரிசையை மாற்றினார். பிளாஸ்டிக்கைத் தாரில் போடாமல் சூடான ஜல்லியின்மேல் போட்டார். இந்தக் கதையில் கண்டுபிடிப்பு என்று நான் எண்ணுவது இந்த ஒரு மாற்றத்தைத்தான். மற்றதெல்லாம் இதன் விளைவு.

கடலை மிட்டாய் செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பாகு ஒவ்வொரு பருப்பின்மேலும் படிந்தால்தான் பிடி. கலவை ஆலையில் ஜல்லியை ஏறத்தாழ 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். சில மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கிய பிளாஸ்டிக்கை அதில் தூவினால், முப்பது நாற்பது விநாடியில் உருகி ஜல்லியைச் சுற்றி எண்ணெய் பூசியதுபோல் மினுக்கும். பாலித்தீன், பாலிபுரொப்பிலீன், தெர்மாகோலாக நமக்குப் பழகிய பாலிஸ்டைரீன் எல்லாம் இந்தச் சூட்டிலேயே இளகக்கூடியவை. சிதையத் தொடங்க 270 டிகிரிக்கு மேல் போக வேண்டும். பூச்சு ஏறிய பிறகே தார் ஊற்றுவார்கள். கல்லின் துளைகளை முன்னதாகவே பாலிமர் அடைத்துவிட்டதால் தண்ணீருக்கு நுழைய வழியில்லை. கல்லோடு இழுபறியில் இருந்த தாருக்கோ இப்போது எதிரே இருப்பது தன் இனத்துப் பூச்சு, பிடி இறுகிவிடுகிறது. இதற்குப் புதிய ஆலை வேண்டாம், புதிய ரோலர் வேண்டாம். இருக்கிற ஹாட் மிக்ஸ் ஆலையில், இருக்கிற ஆட்களே செய்துவிடலாம். இந்தியாவில் ஒரு கண்டுபிடிப்பு ஆய்வகத்தை விட்டு வெளியே வர இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை.

2002-ல் கல்லூரி வளாகத்துக்குள் சிறு துண்டுச் சாலை ஒன்று போடப்பட்டது. போட்டுப் பார்க்கச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர்களில் அப்துல் கலாமும் ஒருவர். அதே ஆண்டு சென்னை ஜம்புலிங்கம் தெருவுக்கு வந்தது. 2003-ல் ஈரோடு வீரபத்திரர் தெரு, 2004-ல் மதுரை வண்டியூர்ச் சாலை, 2005-ல் விளாச்சேரிச் சாலை என்று தொடர்ந்தது. முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவின் ஆதரவு கிடைத்ததும் மாநிலத்தின் கிராமச் சாலைகளுக்கும் இது போனது. 2006-ல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்து விலை பேசாமல், நாட்டில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தச் சாலைகள் எப்படி இருக்கின்றன என்று ஆய்வு நடத்தியது. ஒப்பிடுவதற்கு மதுரை கே.கே. நகரில் 2002-ல் போட்ட சாதாரணத் தார்ச்சாலையை எடுத்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் சாலைகளில் பள்ளமோ ஜல்லி பெயர்வதோ இல்லை என்று அறிக்கை வந்தது. வாரியத்துக்காக அந்த ஆய்வைச் செய்ததும் தியாகராசர் கல்லூரியே என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முடிவு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பெற்றவரிடமே பிள்ளைக்கு நற்சான்று வாங்குவதை அறிவியல் வழக்கமாக்கக் கூடாது, அவ்வளவுதான். பிறகு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013-ல் இதற்கென்று தனி வழிகாட்டி நூலை வெளியிட்டது. 2015-ல், ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் சாலைகளில் பிளாஸ்டிக் கழிவைப் பயன்படுத்த மத்திய அரசு உத்தரவிட்டது. 2018-ல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ.

‘பிளாஸ்டிக் சாலை’ என்ற பெயர் கொஞ்சம் மிகைதான். 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் போட ஏறத்தாழ பத்து டன் தார் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக். ஆக ஒரு டன் தார் மிச்சம், ஒரு டன் குப்பை காலி. சுமார் பத்து லட்சம் கேரி பேக் என்பார்கள். மேடையில் சொல்லக் கைதட்டல் கிடைக்கும் எண்ணிக்கை. ஆனால் மொத்தக் கலவையில் தாரே நூற்றுக்கு ஐந்து பங்குதான், அப்படியானால் பிளாஸ்டிக் நூற்றுக்கு அரைப் பங்கு. மீதி எல்லாம் கல். அரைப் பங்கில் இவ்வளவு நடக்கிறதே என்று வியக்கலாம். நாட்டின் குப்பையையெல்லாம் சாலை விழுங்கிவிடும் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது.

பிளாஸ்டிக்கைத் தடை செய்வதை வாசுதேவன் ஏற்றதில்லை. பொருள்மீது குற்றமில்லை, அதை எறிகிற கைமீதுதான் என்பது அவர் கட்சி. தமிழ்நாடு அரசோ 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. இதில் நான் அரசின் பக்கம். சாலைக்கு வேண்டும் என்பதற்காகப் பையை உற்பத்தி செய்ய முடியாது. தேய்கிற மேற்பரப்பிலிருந்து நுண்பிளாஸ்டிக் மழைநீரோடு போகாதா என்ற கேள்விக்கும் இன்னும் விரிவான கள ஆய்வுகள் வேண்டும்.

உடனடித் தொல்லை இன்னும் எளிமையான இடத்தில் இருக்கிறது. கிராமச் சாலைகளுக்காக மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு நறுக்கும் இயந்திரம் கொடுத்துப் பிளாஸ்டிக்கைச் சேகரித்தார்கள். மண்ணும் ஈரமும் இல்லாமல் பிரித்துக் கொடுப்பது அவர்கள் கையில்தான் இருந்தது. அந்தக் குவியலில் பி.வி.சி. துண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. சூட்டில் அது அமில வாயுவைக் கக்கும். ஜல்லியின் சூடும் எல்லை தாண்டக் கூடாது, தாண்டினால் புகை. ஆகவே ஒப்பந்தக்காரரிடம் இப்படியொரு சாலை கேட்கிறவர்கள் இரண்டு விஷயங்களை நேரில் பார்த்துவிடுவது நல்லது: மூட்டையில் என்ன இருக்கிறது, ஆலையின் வெப்பமானி வேலை செய்கிறதா.