ஆண்கள் ஏன் அதிகம் கொலை செய்கிறார்கள்? - ஒரு வரலாற்றுப் பார்வை

1355-ஆம் ஆண்டு, பிப்ரவரி 10. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரம். நகரின் நடுவில் இருந்த ஸ்விண்டில்ஸ்டாக் என்ற மதுக்கடையில் சில மாணவர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஊற்றிக் கொடுத்த ஒயின் சரியில்லை என்று அவர்களில் இருவர் குறை சொன்னார்கள். கடைக்காரரும் விடவில்லை, பதிலுக்குப் பதில் பேசினார். வாய்ச்சண்டை முற்றியது. மாணவர்கள் ஒயினை அவர் முகத்தில் வீசி, அது இருந்த பாத்திரத்தாலேயே தலையில் அடித்தார்கள்.

அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் ஒரு தேவாலயத்தின் மணியை அடித்து ஆள் திரட்டினார்கள். மாணவர்கள் பல்கலைக்கழகத் தேவாலயத்தின் மணியை அடித்துத் தங்கள் ஆட்களைக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் கலவரம். வழிவழியாகச் சொல்லப்படும் கணக்குப்படி மாணவர் தரப்பில் 63 பேரும், ஊர்க்காரர்களில் சுமார் 30 பேரும் செத்தார்கள். இதற்குப் பரிகாரமாக, ஒவ்வொரு வருடமும் அதே நாளில் நகர மேயர் தேவாலயத்துக்குப் போய், செத்த மாணவர் ஒருவருக்கு ஒரு பென்னி வீதம் 63 பென்னி கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். 1825 வரை கட்டினார்கள். 470 வருடம்!

ஒரு கோப்பை ஒயினுக்காக இத்தனை சாவு. இந்தக் கதையில் பெயர் சொல்லப்படும் அத்தனை பேரும் ஆண்கள். ஆனால் அது யாருக்கும் வித்தியாசமாகவே தெரிவதில்லை. இரண்டு பெண்கள் கடைக்காரியை அடித்து, அதனால் மூன்று நாள் பெண்களின் கலவரம் நடந்தது என்று சொன்னால்தான் ஆச்சரியப்படுவோம்.

ஏன் அப்படி?

இது வெறும் எண்ணம் இல்லை. ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2019-இல் வெளியிட்ட கொலை பற்றிய ஆய்வின்படி, உலகம் முழுவதும் கொலைச் சந்தேக நபர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆண்கள். 2017-இல் கொலையானவர்களிலும் 81 சதவீதம் ஆண்களே. அதாவது கொல்பவனும் ஆண், பெரும்பாலும் கொல்லப்படுபவனும் ஆண்.

விடை தேடியவர்கள்

இதை முதலில் எண்களில் பார்த்தவர்களில் முக்கியமானவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே. வானியல் அறிஞர். 1820-களில் பிரான்ஸ் அரசு நீதிமன்றப் புள்ளிவிவரங்களை வெளியிட ஆரம்பித்தது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்த கெட்லேவுக்கு, நட்சத்திரங்களைப் போலவே குற்றங்களும் ஒரு ஒழுங்கில் போவது தெரிந்தது. வருடா வருடம் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. இருபதுகளில் உச்சத்துக்குப் போய், வயது ஏற ஏறக் குறைகிறது. ஆட்களைத் தாக்கும் குற்றங்களில் 100 ஆண்களுக்குச் சுமார் 16 பெண்கள், சொத்து சம்பந்தப்பட்ட குற்றங்களில் 100-க்குச் சுமார் 26. வன்முறை கூடக் கூடப் பெண்களின் பங்கு குறைகிறது. இந்த வரைபடம் அன்று முதல் இன்று வரை பெரிதாக மாறவில்லை.

அடுத்து வந்தவர் இத்தாலிய மருத்துவர் சிசாரே லொம்ப்ரோசோ. 1876-இல் எழுதிய புத்தகத்தில், குற்றவாளி என்பவன் ஆதிமனித நிலைக்குத் திரும்பிப் பிறந்தவன், மண்டையோட்டையும் தாடையையும் பார்த்தே அவனைக் கண்டுபிடிக்கலாம் என்றார். பிறகு ஒரு சிக்கல். பெண்கள் ஆண்களைவிட வளர்ச்சி குறைந்தவர்கள் என்பதும் அவருடைய நம்பிக்கை. அப்படியானால் பெண்கள்தானே அதிகம் குற்றம் செய்ய வேண்டும்? 1893-இல் இதற்காகவே இன்னொரு புத்தகம் எழுதி, பாலியல் தொழிலையும் குற்றக் கணக்கில் சேர்த்துச் சமாளித்தார். விடையை முதலில் முடிவு செய்துவிட்டுக் கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

இருபதாம் நூற்றாண்டில் பழி குரோமோசோம் மேல் விழுந்தது. ஆண்களுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். மிகச் சிலருக்கு ஒய் இரண்டு இருக்கும். 1965-இல் ஸ்காட்லாந்தில், ஆபத்தானவர்கள் என்று அடைத்து வைத்திருந்த ஒரு மருத்துவமனையில் இப்படிப்பட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் இருப்பதாக ஓர் ஆய்வு சொன்னது. 1966-இல் சிகாகோவில் ரிச்சர்ட் ஸ்பெக் என்பவன் எட்டு இளம் பெண்களைக் கொன்றான். அவர்களில் பெரும்பாலோர் செவிலியர் பயிற்சி மாணவிகளாக இருந்தவர்கள். அவனுக்கும் இரண்டு ஒய் என்று செய்தி பரவியது. சோதனையில் அது பொய் என்று தெரிந்தது. 1976-இல் டென்மார்க்கில் நாலாயிரத்துக்கும் அதிகமான உயரமான ஆண்களைச் சோதித்த ஆய்வில், இரண்டு ஒய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட வன்முறையாளர்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உலகில் கொலை செய்த ஆண்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரண எக்ஸ்-ஒய் ஆசாமிகள்தான்.

அப்படியானால் உடலுக்குச் சம்பந்தமே இல்லையா?

இருக்கிறது. சராசரியாக ஆணுக்குத் தசை வலு அதிகம். டெஸ்டோஸ்டிரோன் அதிகம், ஆனால் அதற்கும் அடிதடிக்கும் உள்ள தொடர்பு பொதுவாக நினைப்பதைவிடப் பலவீனமானது. கனடாவில் ரிச்சர்ட் ட்ரம்ப்ளே என்ற ஆய்வாளர் குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார். மனிதன் அதிகமாகக் கைநீட்டுவது பதினெட்டு வயதில் இல்லை, இரண்டு மூன்று வயதில். அப்போதே ஆண் குழந்தைகள் கொஞ்சம் கூடுதலாக அடிக்கிறார்கள். அதாவது அடிப்பதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அடிக்காமல் இருக்கத்தான் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

1958-இல் மார்வின் வுல்ஃப்கேங் என்ற அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் ஃபிலடெல்ஃபியா நகரில் ஐந்து வருடங்களில் நடந்த 588 கொலைகளை ஆராய்ந்து எழுதினார். அதில் மிகப் பெரிய பிரிவு எது தெரியுமா? கொள்ளை இல்லை, பழிவாங்கல் இல்லை. அற்பச் சண்டை. திட்டியது, இடித்தது, முறைத்தது. நம் ஊர் "என்னடா முறைக்கிற?" அங்கேயும் உண்டு. 1988-இல் மார்ட்டின் டேலி, மார்கோ வில்சன் இருவரும் இதற்குப் பரிணாம விளக்கம் கொடுத்தார்கள். வெளியே அற்பமாகத் தெரிவது, அந்த இளைஞனுக்கு அற்பமில்லை. நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுத்தால் மதிப்புப் போகும், மதிப்புப் போனால் பெண்ணும் பொருளும் போகும் என்ற மிகப் பழைய பயம் அது.

சரி, இத்தோடு முடிந்ததா? "ஆம்பளை என்றால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா?

இங்கேதான் வரலாறு குறுக்கே வருகிறது.

ஐம்பது மடங்கு

அந்தக் காலத்து இங்கிலாந்தில், சந்தேகமான சாவு என்றால் கொரோனர் என்ற அதிகாரி ஊராரைக் கூட்டி விசாரித்துப் பதிவு செய்வார். அந்தத் தோல் சுருள்களில் பல இன்றும் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மானுவல் ஐஸ்னர் குழு அவற்றைப் படித்துக் கணக்கிட்டது. பதினான்காம் நூற்றாண்டு ஆக்ஸ்ஃபோர்டில் வருடத்துக்கு லட்சம் பேருக்கு 60 முதல் 75 கொலைகள். அதே காலத்து லண்டனைவிட நாலைந்து மடங்கு. இன்றைய ஆங்கில நகரங்களைப் போல சுமார் 50 மடங்கு! பின்னணி தெரிந்த கொலையாளிகளில் 75 சதவீதம் பேர் 'கிளெரிகஸ்' என்று பதிவாகியிருக்கிறார்கள். அந்த ஊரில் அதற்குப் பெரும்பாலும் மாணவர் என்று பொருள்.

காரணம் புரியாததில்லை. பதினான்கு முதல் இருபத்தொரு வயது வரை உள்ள ஆண்கள். அப்பா அம்மா பக்கத்தில் இல்லை. கையில் கத்தி, தெருவுக்குத் தெரு மதுக்கடை. வடக்கத்தியான், தெற்கத்தியான், அயர்லாந்துக்காரன் என்று கோஷ்டிகள் வேறு.

ஆக்ஸ்ஃபோர்டு மட்டுமில்லை. ஐஸ்னரின் கணக்குப்படி மேற்கு ஐரோப்பாவில் இடைக்கால இறுதியில் லட்சத்துக்கு 20-க்கு மேல் இருந்த கொலை விகிதம், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் 1-ஐ ஒட்டி வந்துவிட்டது. இத்தனை நூற்றாண்டுகளிலும் கொலையாளிகளில் பெண்களின் பங்கு பெரும்பாலும் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்-பெண் பங்கு அப்படியே இருக்கிறது. ஆனால் மொத்த அளவு இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அறுநூறு வருடத்தில் ஆணின் உடல் மாறிவிடவில்லை. அதே ஹார்மோன், அதே தசை. மாறியது அவனைச் சுற்றி இருந்த உலகம்.

எப்படி மாறியது? ராஜாவின் நீதிமன்றம் பலம் பெற்றது, அதனால் தன் நியாயத்தைத் தானே கத்தியால் தீர்த்துக்கொள்ளும் தேவை குறைந்தது. கோபத்தை அடக்குவதே பெரிய மனிதனுக்கு அழகு என்ற பழக்கம் மேலிருந்து கீழே பரவியது என்றார் நோர்பர்ட் எலியாஸ் (1939). ஒரு நல்ல உதாரணம் டூயல் என்ற ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை. 1829-இல் பிரிட்டிஷ் பிரதமர் வெலிங்டனே பதவியில் இருக்கும்போது துப்பாக்கியோடு அப்படி ஒரு சண்டைக்குப் போனார். போகாவிட்டால் மானம் போய்விடும். இங்கிலாந்து மண்ணில் உயிர் போன கடைசி டூயல் 1852-இல். அதாவது ஒரே தலைமுறைக்குள், மானத்தின் அடையாளமாக இருந்தது கேலிக்குரியதாக ஆகிவிட்டது.

1975-இல் அமெரிக்காவின் ஃப்ரீடா ஆட்லர், பெண்கள் விடுதலை பெற்றால் குற்றத்திலும் ஆண்களுக்குச் சமமாக வருவார்கள் என்று எழுதினார். பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், நாட்டையே ஆண்டார்கள். கொலைக் கணக்கில் மட்டும் சமத்துவம் வரவில்லை.

குறையாத இடம்

ஒன்றை மறக்கக்கூடாது. ஐரோப்பாவில் அதிகம் குறைந்தது தெருவிலும் கடையிலும் ஆணும் ஆணும் வெட்டிக்கொண்ட சண்டை. வீட்டுக்குள் நடக்கும் கொலை அந்த அளவுக்குக் குறையவில்லை. 2017-இல் துணைவரால் கொல்லப்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள்.

இதற்கும் காரணம் உடலில் இல்லை. தெருச்சண்டைக்குள் அரசாங்கம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நுழைந்துவிட்டது. "அது அவர்கள் குடும்ப விஷயம்" என்று சொல்லி வீட்டு வாசலில் நின்றுவிட்டது. இந்தியாவில் பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வந்ததே 2005-இல்தான்.

ஆண்களிடம் வன்முறைக்கான சாய்வு கூடுதலாக இருக்கலாம். ஆனால் "அப்படித்தான்" என்று விட்டுவிட்ட இடத்தில் அது நீடித்தது, விடாத இடத்தில் குறைந்தது. லட்சத்துக்கு எழுபது கொலை நடந்த ஆக்ஸ்ஃபோர்டில் இன்றும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் படிக்கிறார்கள், குடிக்கிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். ஒயின் சரியில்லை என்றால் வேறு கடைக்குப் போகிறார்கள்.